புள்ளி வைத்த கட்டம்

ஜூன் 4

தங்கச்சிக்கு,

'அன்புள்ள' என்று எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. விட்டுவிட்டேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

உன் புத்தகம் வந்து சேர்ந்தது. கெட்டி அட்டை, உள்ளே வழவழவென்று தாள். நம் குடும்பத்து ஆட்டம் முழுக்க, ஒவ்வொரு அடியும் குறியீடாக, அதில் இருக்கிறதாம். என் கண்ணுக்குக் கட்டம் கட்டமாகக் கறுப்பும் வெள்ளையும்தான் தெரிகிறது, யாரோ பாதியில் விட்ட குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி. முதல் பக்கத்தில் 'ஆடியவர்' என்று என் பெயர், அதற்குக் கீழே 'எழுதியவர்' என்று உன் பெயர். இரண்டு பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கிறதென்று என் வீட்டுக்காரருக்கு, அதுதான் உன் மாமாவுக்கு, நாள் முழுக்கச் சந்தோஷம். மத்தளம் வாசிக்கிறவர்களுக்குச் சின்னச் சத்தமே போதும் போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சிட்டு நடனக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை. போய் ஆடியிருக்கிறாள். எதிரே தேர்வாளர்கள், மேஜையில் உன் புத்தகம் விரித்து வைத்திருக்கிறது. ஒருத்தர் ஸ்கேலை வைத்துப் பக்கத்தின் அடியிலிருந்து மேலே நகர்த்திக்கொண்டே வந்தாராம். திடீரென்று கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னாராம்.

"வலது பக்கம் ஏம்மா இவ்வளவு தாழற? இதுல அப்படி இல்லையே."

"எங்கம்மா இப்படித்தான் சார் சொல்லிக் குடுத்தாங்க."

"உங்கம்மா ஆடினதத்தாம்மா இதுல எழுதியிருக்கு."

அதற்கு மேல் அவள் என்ன சொல்வாள்? 'மூலத்திலிருந்து விலகல்' என்று குறிப்பு எழுதி மதிப்பெண்ணில் கை வைத்துவிட்டார்கள். மூலமே நான்தானடி! வீட்டுக்கு வந்தவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடன்காரியைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

செப்டம்பரில் இன்னொரு முறை தேர்வு வைக்கிறார்கள். அதையும் விட்டால் அவளுக்கு வயது தாண்டிவிடும், பிறகு அந்தக் கல்லூரியை மறந்துவிட வேண்டியதுதான். நம் ஆட்டத்தில் முழுமண்டி இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று உனக்குத் தெரியாதா? உட்கார்ந்தால் தொடை குதிகாலில் அமர வேண்டும், இடமானாலும் வலமானாலும். பெட்டி வரையப் போவதற்கு முன்னால் நீயும் ஆடியவள்தானே. உடனே அவர்களுக்கு எழுதித் திருத்து.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்கா,

எனக்குக் கை வந்தது, அதனால் போட்டிருக்கிறேன்.

சிட்டுவைப் பற்றிப் படித்து மனது ஆறவில்லை. கடைசியாக நான் பார்த்தபோது அவளுக்கு முன்பல் விழுந்திருந்தது. அவளுக்குத் தேர்வுக்குப் போகும் வயது வந்துவிட்டது என்பதையே உன் கோபத்திலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

நீ கேட்டதும் கைத்தாள்களை எடுத்துப் பார்த்தேன். பென்சிலில் எழுதிய முதல் தாள்கள் எல்லாம் இங்கே நான் வேலை பார்க்கும் ஆவணக் காப்பகத்து இரும்பு அலமாரியில் இருக்கின்றன. உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், கிண்டல் செய்யாமல் படி. நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் இடது கால், வலப்பக்கம் வலது கால். அடியிலிருந்து மேலே படிக்க வேண்டும். கட்டத்தைக் கறுப்பாக அடைத்திருந்தால் கால் நன்றாக மடங்கி உடம்பு தாழ்கிறது என்று அர்த்தம். உள்ளே ஒரு புள்ளி மட்டும் இருந்தால் தாழவில்லை, நடுமட்டம். நீ ஆடிக் காட்டிய எல்லா நாளிலும் இடது கறுப்பு, வலது புள்ளி. ஒரு நாள்கூட மாறவில்லை. மாறியிருந்தால் கேள்விக்குறி போட்டிருப்பேன்.

உன்னைக் கேட்காமலும் இருக்கவில்லை. அந்த ஒத்திகை அறை நினைவிருக்கிறதா? கொக்கி உடைந்த ஜன்னல், அதைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். நான் கண்ணாடிப் பக்கம் மேஜையில், நீ எதிரே, நடுவில் மாமா மத்தளத்தோடு. நாமிருவரும் பேசிக்கொள்ளாததால் எல்லாக் கேள்வியும் அவர் வழியாகத்தான் போயிற்று. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்துகொண்டு "மாமா, வலது பக்கம் இப்படித்தானான்னு கேளுங்க" என்றேன். நீ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் பதில் சொன்னாய்: "கண்ணு இருக்குல்ல? பார்க்கறத எழுதச் சொல்லுங்க." மாமா அதை எனக்குத் திருப்பிச் சொல்லக்கூட இல்லை. குனிந்து மத்தளத்து வாரை இழுத்துக்கொண்டிருந்தார்.

பார்த்ததை எழுதினேன். என் தொழிலே அதுதான். நினைவிலிருந்து எழுதக் கூடாது, அதுவும் நான் சின்ன வயதில் ஆடிய ஆட்டத்தை எழுதும்போது கூடவே கூடாது. இப்போது நீ வேறு சொல்கிறாய். அப்படியானால் அன்று நீ ஏன் அப்படி ஆடினாய்?

உன் தங்கை


ஜூன் 24

தங்கச்சிக்கு,

ஏன் அப்படி ஆடினேனா? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள் நீ. என் சுண்டுவிரல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்குக்கூட ஒரு கொக்கி போட்டிருக்கிறாயாம். அக்காவுக்கு முட்டி போய்விட்டது என்பது மட்டும் தெரியவில்லையா?

சொல்லிவிட்டேன். இப்போது கேள்.

நீ படிக்கப் போகிறேன் என்று கம்பி நீட்டினாயே, அந்த வாரம்தான் வெளியூர்ப் பயணம். இரண்டு பேர் எதிரெதிரே ஓடி வந்து இடம் மாறுகிற கட்டத்தில் உன் இடத்துக்கு அவசர அவசரமாக ஒருத்தியைப் பிடித்துப் போட்டார்கள். பாவம், அவளுக்கு நம் கணக்கு எப்படித் தெரியும்? மேடை நடுவில் நேராக என்மேல் வந்து மோதினாள். வலது முட்டி பலகையில் அடித்தது. எழுந்து மிச்சத்தை ஆடி முடித்தேன். பார்த்தவர்கள் கைதட்டினார்கள், அதுவும் ஆட்டத்தில் ஒரு பாகம் என்று நினைத்துக்கொண்டு.

அறுவை சிகிச்சை செய்து நெடுநாள் படுக்கையில் இருக்கணும் என்றார் டாக்டர். யார் இருப்பது? நான் படுத்தால் அந்த இடத்தில் உட்கார வரிசை நிற்கிறது. அன்றிலிருந்து ஆட்டத்துக்கு முன்னால் உன் மாமா உடைக்குள்ளே துணியை இறுக்கிச் சுற்றிவிடுவார். வலது பக்கம் உட்காருகிற மாதிரி தோளைச் சாய்த்து, இடுப்பைத் திருப்பி, சபையை ஏமாற்றிவிடுவேன். ஒருத்தருக்கும் தெரியாது. சிட்டுவுக்கும் தெரியாது. அவளுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி வாயால்தான் சொல்லிக் கொடுத்தேன். "நான் செய்யறதப் பார்க்காத, சொல்றதச் செய்" என்பேன். சோம்பேறி அம்மா என்று சிரிப்பாள்.

கூடப் பிறந்தவள், ஒரே பாயில் படுத்தவள், நான் எப்படி உட்காருவேன் என்று உனக்குத் தெரியாதா? வலியைப் பார்த்து அதை ஆட்டம் என்று எழுதி அச்சுக்கும் கொடுத்துவிட்டாய். இனி எங்கெங்கோ இருக்கிற பெண்கள் எல்லாம் என் நொண்டியை மனப்பாடம் பண்ணப் போகிறார்கள்.

ஒரு கட்டம்தானே? கறுப்பாக அடைத்துவிடு. முட்டியைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே. என் மகளுக்கும் நீ எழுத வேண்டாம்.

அக்கா


ஜூலை 3

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்துவிட்டேன், பிரித்திருக்கக் கூடாது. பக்கத்து மேஜைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

முட்டி என்று எனக்குத் தோன்றவே இல்லை. நீ வேண்டுமென்றே மாற்றிவிட்டாய் என்றுதான் நினைத்தேன். உன்னைத் தெரிந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். அம்மா இருக்கும்போதே நீ எதையெல்லாம் வெட்டினாய், எதையெல்லாம் சேர்த்தாய்? நான் கேட்டால் "உனக்கென்ன தெரியும், நீ ஓரமா நின்னு அழகு காட்டு போதும்" என்று குழு முழுவதும் கேட்கச் சொன்னவள் நீ. நான் கம்பி நீட்டவில்லை. ஓரமாக நிற்கச் சொன்னாய், நான் கொஞ்சம் தள்ளியே போய்விட்டேன், அவ்வளவுதான்.

உன் காலுக்கு நான்தான் காரணம் என்று நீ இத்தனை காலம் வைத்திருந்தால் அதை இப்போது ஒரு கடிதத்தில் என்னால் கழுவ முடியாது. முயற்சியும் செய்யப் போவதில்லை.

கட்டத்தைப் பற்றி. பென்சில் என்னிடம் இருக்கிறது, உரிமை இல்லை. அச்சான பதிவை மாற்ற வேண்டுமென்றால் ஆடியவரே காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 'பதிவின்போது வலது முட்டியில் காயம் இருந்தது, ஆட்டம் இரண்டு பக்கமும் சமமாகத் தாழ வேண்டியது.' இவ்வளவு எழுதினால் போதும். திருத்தத் தாள் அடித்துக் கல்லூரிக்கு அனுப்பிவிடுவார்கள். செப்டம்பருக்கு நிறைய நேரம் இருக்கிறது. மாமாவிடம் சொல்லி இன்றைக்கே அனுப்பு.

உன் தங்கை


ஜூலை 14

தங்கச்சிக்கு,

இவ்வளவு எழுதினால் போதுமாம்! அதை எழுதிக் கொடுத்த மறுநாள் என்ன நடக்கும் என்று நினைக்கிறாய்? குழுவில் வருஷா வருஷம் மருத்துவச் சான்று கேட்கிறார்கள். நமக்கு வேண்டிய டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுத் தருகிறார். உன் திருத்தத் தாளைப் பார்த்தால் அவருக்கும் வேலை போகும், எனக்கும் போகும். பெரியம்மா மகள் துண்டு போட்டு இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள். நம் ஆட்டத்தை அவள் ஆடினால் எப்படி இருக்கும் தெரியுமா? தண்ணீர்க் குடத்தைச் சுமந்துகொண்டு பேருந்தைப் பிடிக்க ஓடுகிற மாதிரி. அவளை உட்காரவைத்து 'ஆடியவர்' என்று பெயர் போட்டு இன்னொரு புத்தகம் எழுதச் சொல்வார்கள், நீயும் எழுதுவாய், பார்த்ததை எழுதுகிறவள் ஆயிற்றே.

எனக்கு ஒரு வழி தெரிகிறது. தவறு என்னுடையது, கட்டத்தை மாற்றிப் போட்டுவிட்டேன் என்று நீயே எழுதிக் கொடுத்துவிடு. எழுதுகிற கை ஒரு தரம் தவறாதா? உனக்கு ஒரு திட்டு விழும், அவ்வளவுதானே. உன்மேல் ஒரு கறை பட்டால் கழுவிக்கொள்ளலாம். எனக்கு இருப்பது இந்த ஒரு பெயர்தான்.

சிட்டுவுக்காகக் கேட்கிறேன். எனக்காகக் கேட்கவில்லை.

அக்கா


ஜூலை 25

அக்கா,

என்னால் முடியாது.

ஒரு தரம் தவறிய கை என்றால் நான் எழுதிய மற்ற பக்கங்களை யார் நம்புவார்கள்? உன் புத்தகம் மட்டுமில்லை, இத்தனை வருஷம் யார் யார் வீட்டுக் கூடத்திலோ சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதியதெல்லாம் சந்தேகத்தில் போய்விடும். கைத்தாள்களும் இருக்கின்றன. எல்லா நாளும் புள்ளிதான் என்று எடுத்துப் பார்க்கிற முதல் ஆளுக்கே தெரிந்துவிடும். நான் சொன்னது பொய் என்றும் தெரிந்துவிடும்.

நம்மில் யாரோ ஒருத்தி பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் அது ஏன் எப்போதும் நானாக இருக்க வேண்டும்? நான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. நீ உண்மையைச் சொன்னால் போதும். அதுகூட உனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

சிட்டுவுக்காக என்கிறாய். அவளுக்காகத்தான் என்றால் கையெழுத்துப் போட இவ்வளவு யோசிக்க மாட்டாய். எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை. கோபித்துக்கொள்.

தங்கை


ஆகஸ்ட் 28

தங்கச்சிக்கு,

கோபித்துக்கொண்டேன். அதனால்தான் இவ்வளவு நாள்.

சிட்டு என்னோடு பேசுவதில்லை. எது வேண்டுமென்றாலும் "அப்பா, அம்மாகிட்ட சொல்லுங்க" என்கிறாள். சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டே சொல்கிறாள். இது எந்த வீட்டுப் பழக்கம் என்று உன் மாமா என்னைப் பார்க்கிறார். அந்த மனுஷனுக்கு வாழ்நாள் முழுக்க இதே தூதுவேலைதான்.

போன மாதம் ஒரு சண்டை. "உன் ஆட்டம் ஒண்ணு, நீ சொல்லிக் குடுக்கறது ஒண்ணு. எனக்கு மட்டும் ஏம்மா மாத்திச் சொல்லிக் குடுத்தே? நான் உன்னத் தாண்டிப் போயிடுவேன்னு பயமா?" என்று கேட்டாள். வாயைத் திறந்தால் முட்டிக் கதை வெளியே வரும். பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருந்ததை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு உன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போனாள். அங்கே யாரோ அந்த எழுத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று மத்தியானம் மாடி அறைக் கதவு திறந்திருந்தது. அவள் ஆடிக்கொண்டிருந்தாள், புத்தகம் தரையில் சாய்த்து வைத்திருந்தது. இடது பக்கம் அழகாக உட்கார்ந்தாள். வலது பக்கம் பாதியில் நின்றாள். தோளைச் சாய்த்தாள், இடுப்பைத் திருப்பினாள். வலி வரும்போது நான் முகவாயைக் கொஞ்சம் தூக்குவேன், அதை நீ எழுதியிருக்கிறாய் போலிருக்கிறது, அதையும் செய்தாள். நல்ல முட்டிகளை வைத்துக்கொண்டு என் மகள் என் நொண்டியை ஆடுகிறாள். அச்சு அசல். என்னைவிட நன்றாகவே ஆடுகிறாள்.

படியில் உட்கார்ந்து அழுதேன். அவளுக்குக் கேட்டிருக்காது, தாளத்தை வாயால் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நீ கேட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். டாக்டர் பெயரை எங்கேயும் எழுதவில்லை. எடுத்துக்கொண்டு போய்க் கொடு. இப்போது உனக்குத் திருப்திதானே.

அக்கா


செப்டம்பர் 9

அன்புள்ள அக்கா,

எனக்குத் திருப்தி இல்லை.

உன் தாளைக் கொடுத்த அன்றே ஏற்றுக்கொண்டார்கள். திருத்தத் தாள் அச்சாகிக் கல்லூரிக்கும் போய்விட்டது, தேர்வாளர் ஒவ்வொருவர் கைக்கும் கிடைக்கும்படி நானே நின்று உறை ஒட்டினேன். வலது பக்கத்துக் கட்டம் இப்போது கறுப்பு. உன் கடிதத்தின் நகலையும் கூடவே வைத்திருக்கிறார்கள், அது விதி, தடுக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், வேறு யார் வாயாலாவது நீ கேட்கக் கூடாது. உங்கள் குழுவிலிருந்து விசாரித்தார்கள். புத்தகத்தின் அடுத்த பாகத்துக்குப் பெரியம்மா மகளைக் கூப்பிடப் போகிறார்கள். எழுத என்னால் முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அது உனக்கு ஆறுதல் இல்லை என்று தெரியும்.

தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. சிட்டுவிடம் உடனே சொல். வலது பக்கமும் தாழ வேண்டும் என்று மட்டும் சொல்லாதே, காரணத்தோடு சொல். காரணம் இல்லாமல் சொன்னால் அவள் கேட்க மாட்டாள், நம் வீட்டுப் பெண்ணாயிற்றே. கால் அடிபட்ட கதையை முழுக்கச் சொல், என்னைத் திட்டிச் சொன்னாலும் பரவாயில்லை. நானே அவளுக்கு எழுதட்டுமா? நீ வேண்டாம் என்றதால் எழுதாமல் இருக்கிறேன். ஒரு வார்த்தை அனுப்பு, எழுதிவிடுகிறேன்.

தங்கை


செப்டம்பர் 26

தங்கச்சிக்கு,

உன் கடிதம் தேர்வுக்கு நன்றாக முன்னாலேயே வந்துவிட்டது. தபால்காரர்மேல் பழி போட முடியாது.

சொல்ல வேண்டும் என்றுதான் மாடிப்படி ஏறினேன். கதவைத் தட்டினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். இவ்வளவு நாள் உன்னை ஏமாற்றினேன், ஊரை ஏமாற்றினேன், என் கால் போய்விட்டது, இனி எனக்கு ஆட்டமும் இல்லை என்று பெற்ற பெண் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது சுலபமாக இருந்தது. கீழே இறங்கி வந்து உன் மாமாவிடம் சொன்னேன்: "உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, வலது பக்கமும் நல்லாத் தாழணும்னு." காரணத்தைச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். போய்ச் சொன்னார்.

அவள் கேட்கவில்லை. "போன தடவ அம்மா பேச்சக் கேட்டுத்தாம்ப்பா பெயிலானேன்" என்றாளாம். அதில் என்ன தப்பு இருக்கிறது, நீயே சொல்.

புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஆடியிருக்கிறாள், நெளிவு சுளிவு ஒன்று விடாமல். தேர்வாளர்கள் கையில் உன் கறுப்புக் கட்டம். அதே ஆள் அதே இடத்தில் நிறுத்தினாராம். போன முறை தாழ்ந்தது தப்பு, இந்த முறை தாழாதது தப்பு. அவள் புத்தகத்தைக் காட்டி வாதாடியிருக்கிறாள். அவர் திருத்தத் தாளையும் என் கடிதத்தையும் எடுத்து அவள் கையில் கொடுத்து, "உங்கம்மாவுக்கு முட்டியில அடின்னு அவங்களே எழுதியிருக்காங்களேம்மா, வீட்ல சொல்லலையா?" என்று கேட்டிருக்கிறார். தேறவில்லை. வயதும் தாண்டிவிட்டது. மனு போட்டுப் பார்த்தோம், கையை விரித்துவிட்டார்கள்.

தேர்வு அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாதக்கணக்காக என்னோடு நேராகப் பேசாதவள், நேராக என்னிடம் வந்து நின்றாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம். மெதுவாகத்தான் கேட்டாள்.

"யாரோ ஒருத்தருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கே. எங்கிட்ட வாயால சொல்ல முடியலையாம்மா?"

இதற்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது. உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா